வயிற்றுப்போக்கின்போது என்ன குடிப்பது, என்ன சாப்பிடுவது, எவ்வளவு?

பேதி தொடங்கியதும் வீட்டில் வழக்கமாக இரண்டு காரியம் நடக்கும். சாப்பாட்டை நிறுத்துவார்கள், போக்கை நிறுத்த மாத்திரை தேடுவார்கள். இரண்டுமே முதல் வேலை இல்லை. திடீரென்று வரும் பேதிகளில் பெரும்பாலானவை சில நாளில் தாமாகவே அடங்கிவிடும். அதற்குள் உடம்பில் தண்ணீரும் உப்பும் வற்றிப்போவதுதான் ஆளைச் சாய்க்கிறது. போனதை அளவோடு உள்ளே சேர்த்துக்கொண்டே இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. மீதிப் பாதி, வயிற்றைக் காயப்போடாமல் இருப்பது.

ஒரே நாளில் மூன்று முறையோ அதற்கு மேலோ தண்ணீராகப் போனால் அது வயிற்றுப்போக்கு. ஒருமுறை இளகிப் போவதெல்லாம் கணக்கில் வராது. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை அடிக்கடி இளகலாகப் போவதும் இயல்புதான். வழக்கத்தைவிடத் தண்ணீராகவும் அதிகமாகவும் போகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

முதலில் ஓ.ஆர்.எஸ். (உப்பும் சர்க்கரையும் அளவோடு கலந்து குடிக்கும் கரைசல்)

வெறும் தண்ணீரை நிறையக் குடித்தால் போதாதா? லேசான பேதியில் பெரியவர்களுக்கு, கூடவே உப்புப் போட்ட உணவும் உள்ளே போனால், ஓரளவு போதும். தொடர்ந்து போகிறவருக்குப் போதாது. பேதியில் தண்ணீரோடு சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்தே போகின்றன. வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தால் இரத்தத்தில் மிஞ்சியிருக்கும் சோடியமும் நீர்த்துப்போகும். தலைசுற்றலும் சோர்வும் குறையாமல் கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிறுகுடலின் உட்சுவரில் சோடியத்தையும் குளுக்கோஸையும் ஜோடியாக உள்ளே இழுக்கும் ஒரு புரதம் இருக்கிறது. இவை இரண்டும் உள்ளே போனால் தண்ணீரும் பின்னாலேயே போகும். பேதியை உண்டாக்கும் பெரும்பாலான கிருமிகள், காலரா உட்பட, இந்த வழியை அடைப்பதில்லை. பேதி முழு வீச்சில் இருக்கும்போதும் உப்பும் சர்க்கரையும் சரியான விகிதத்தில் கலந்த தண்ணீரைக் குடல் ஏற்றுக்கொள்வது இதனால்தான். 1971இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. ஊசிவழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோக, மருத்துவர் திலீப் மகாலானாபிஸ் இந்தக் கரைசலைக் குடிக்கக் கொடுக்க வைத்தார். நூற்றுக்கு 30 என்றிருந்த இறப்பு 4க்கும் கீழே இறங்கியது. டிரம்மில் கலந்து, குவளையில் மொண்டு, நோயாளியின் சொந்தக்காரர்களே ஊட்டிய கரைசல் அது.

இன்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் கலவையில் ஒரு லிட்டருக்குச் சாப்பாட்டு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம். மொத்தம் 20.5 கிராம். பாக்கெட்டின் பின்புறம் லிட்டருக்கு இந்த எண்கள் இருந்தால் சரியான பொருள். ஓ.ஆர்.எஸ். போலவே தோன்றும் பழச்சுவை பானங்களும் விற்கின்றன. அவற்றின் சீட்டில் சர்க்கரை லிட்டருக்கு இதைப்போலப் பல மடங்கு இருந்தால் அது வெறும் ஜூஸ்தான், எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

கரைக்கும் முறை:

1. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தண்ணீரைத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள்.
2. பாக்கெட்டில் எத்தனை மில்லி லிட்டருக்கு என்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள். சில பாக்கெட்டுகள் ஒரு லிட்டருக்கு, சில 200 மி.லி.க்கு. அதிகம் நடக்கும் தவறு இங்கேதான்: லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கொட்டிவிடுவார்கள்.
3. அந்த அளவுத் தண்ணீரை அளந்து எடுத்து, பாக்கெட் முழுவதையும் கொட்டிக் கலக்குங்கள். பாதிப் பாக்கெட், கால் பாக்கெட் என்று கண்ணளவில் பிரிக்காதீர்கள். உள்ளே இருக்கும் தூள்கள் ஒரே சீராகக் கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது.
4. சர்க்கரை, பழச்சாறு, பால், சோடா எதையும் கூடுதலாகச் சேர்க்க வேண்டாம். கலந்த பிறகு கொதிக்கவைக்கவும் வேண்டாம். தண்ணீர் ஆவியாகி உப்பு தூக்கலாகிவிடும்.
5. மூடிவையுங்கள். 24 மணி நேரத்தில் மிஞ்சியதைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள்.

உப்பு அதிகமான கரைசலைச் சின்ன விஷயமாக நினைக்கக் கூடாது. குழந்தையின் இரத்தத்தில் சோடியம் எகிறினால் வலிப்புவரை போகும். சர்க்கரை அதிகமானால் குடலுக்குள் தண்ணீர் இழுக்கப்பட்டுப் பேதி கூடும். தண்ணீர் அதிகமானால் கரைசல் வேலை செய்யாது. மூன்றையும் தவிர்க்க ஒரே வழி, அளந்து கலப்பது.

பாக்கெட் கைவசம் இல்லாவிட்டால்

ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. டீஸ்பூன் என்றால் 5 மி.லி. கொள்ளும் கரண்டி, இரண்டையும் தலைதட்டி அளக்க வேண்டும். கத்தியின் முதுகால் மேலே வழித்துவிட்டால் சரியாக வரும். குவித்து அள்ளினால் அரை டீஸ்பூன் ஒன்றாகிவிடும். கல்லுப்பு இருந்தால் பொடித்துவிட்டு அளங்கள்.

கலந்ததும் நாக்கில் வைத்துப் பாருங்கள். கண்ணீரைவிட உப்புக் கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்க வேண்டும். பதற்றத்தில் உப்பையும் சர்க்கரையும் மாற்றிப் போட்டுவிடுவதும் உண்டு. அதையும் நாக்கு பிடித்துவிடும்.

இந்த வீட்டுக் கரைசலில் பொட்டாசியம் கிடையாது. வாழைப்பழமோ வேகவைத்த உருளைக்கிழங்கோ கூடவே கொடுத்தால் அந்தக் குறை பெருமளவு நீங்கும். பாக்கெட் கிடைத்ததும் அதற்கே மாறிவிடுங்கள்.

எவ்வளவு, எப்படி

ஒவ்வொரு முறை தண்ணீராகப் போன பிறகும் 2 வயதுக்குள் 50 முதல் 100 மி.லி.; 2 முதல் 10 வயதுவரை 100 முதல் 200 மி.லி.; அதற்கு மேல் ஒன்று, இரண்டு டம்ளர், அல்லது தாகம் கேட்கிற அளவு. கூடவே அன்றாடம் குடிக்கும் தண்ணீரும் வேண்டும். நீரிழப்பின் அறிகுறி ஏற்கனவே தெரிந்தால் கணக்கு வேறு: எடையில் ஒரு கிலோவுக்கு 75 மி.லி. வீதம் 4 மணி நேரத்தில் கொடுக்க வேண்டும். 10 கிலோ குழந்தைக்கு 750 மி.லி. இதை மருத்துவமனையிலோ சுகாதார ஊழியரின் கண்காணிப்பிலோ செய்வதுதான் சரி.

குழந்தைக்குப் பால்புட்டி வேண்டாம்; டம்ளரும் கரண்டியும் போதும். ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு கரண்டி. ஒரே மூச்சில் ஊற்றினால் வயிறு உப்பி வாந்தியில் முடியும்.

வாந்தி வந்துவிட்டால் நிறுத்திவிடாதீர்கள். 10 நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாக, 2, 3 நிமிடத்துக்கு ஒரு டீஸ்பூன் என்று மறுபடி தொடங்குங்கள். வாந்தி எடுத்தாலும் குடித்ததில் கொஞ்சமாவது உள்ளே தங்கும். குளிரவைத்துக் கொடுத்தால் சிலருக்குக் குமட்டல் குறைகிறது.

இன்னொன்று. ஓ.ஆர்.எஸ். பேதியை நிறுத்தாது. "ஒரு லிட்டர் குடித்தும் நிற்கவில்லையே" என்று கைவிடுகிறவர்கள் ஏராளம். அது நிறுத்துவதற்கான மருந்தே இல்லை. போனதை ஈடுகட்டுவது மட்டும்தான் அதன் வேலை.

ஈடுகட்டுகிறதா என்பதைச் சிறுநீர் சொல்லும். வெளிர்மஞ்சளாக, 4, 5 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது போனால் நல்லது. அடர்மஞ்சளாகக் கொஞ்சமாகப் போனாலோ, 6 மணி நேரத்துக்கு மேல் போகவே இல்லை என்றாலோ உள்ளே போவது போதவில்லை. கண் குழிவிழுவது, நாக்கு ஒட்டுவது, குழந்தை அழுதும் கண்ணீர் வராதது எல்லாம் அடுத்த கட்டம். குழந்தையின் வயிற்றில், தொப்புளுக்குப் பக்கவாட்டில் தோலை இரு விரலால் மெல்லக் கிள்ளித் தூக்கி விடுங்கள். உடனே சமனாக வேண்டும். மடிப்பு 2 நொடிக்கு மேல் அப்படியே நின்றால் கடுமையான நீரிழப்பு. அங்கிருந்து நேராக மருத்துவமனைதான்.

மற்ற பானங்கள்

உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர், உப்புப் போட்ட மோர், காய்கறி அல்லது கோழி வேகவைத்த சூப், இவை நல்லவை. சோடியமும் இருக்கிறது, கொஞ்சம் ஊட்டமும் இருக்கிறது. சூப்பில் மேலே மிதக்கும் எண்ணெயை எடுத்துவிடுங்கள். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. கரைசலுக்குத் துணையாகக் குடிக்கலாம், அதன் இடத்தில் வைக்கக் கூடாது.

கோலா வகை பானங்களில் லிட்டருக்குச் சர்க்கரை 100 கிராமைத் தாண்டுகிறது, சோடியம் ஏறக்குறைய இல்லை. ஆப்பிள் சாற்றிலும் சர்க்கரை கிட்டத்தட்ட அதே அளவு. கரைசலின் 13.5 கிராமோடு ஒப்பிட்டால், இவை ஏன் பேதியைக் கூட்டுகின்றன என்று விளக்கவே தேவையில்லை. கேஸ் போன கோலா கொடுக்கலாம் என்று ஒரு நம்பிக்கை பரவலாக உண்டு. கேஸ் போனாலும் சர்க்கரை போகாது. விளையாட்டு வீரர்களுக்கான பானங்கள் வியர்வைக்காகத் தயாரானவை. சர்க்கரை அதிகம், சோடியம் ஓ.ஆர்.எஸ்.ஸில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. லேசான பேதி வந்த பெரியவர் குடித்தால் தப்பில்லை, குழந்தைக்கு வேண்டாம்.

காபியும் கடுந்தேநீரும் குடலைத் தூண்டிவிடும். லேசான தேநீர், சர்க்கரை குறைவாக, பரவாயில்லை. மது கூடவே கூடாது.

சாப்பாடு: நிறுத்தாதீர்கள்

"குடலுக்கு ஓய்வு" என்று பட்டினி போடுவது பழைய வழக்கம். இன்றைய மருத்துவம் அதைக் கைவிட்டுவிட்டது. குடலின் உட்சுவர்ச் செல்கள் சில நாளுக்கு ஒருமுறை புதிதாக வளர்கின்றன, அதற்கான சத்தில் ஒரு பகுதியை உள்ளே வரும் உணவிலிருந்தே நேரடியாக எடுத்துக்கொள்கின்றன. உணவு வராவிட்டால் புண்பட்ட சுவர் ஆறுவதும் தாமதமாகும். முதல் 3, 4 மணி நேரம் கரைசலைக் கொடுத்து நீரிழப்பைச் சரிக்கட்டிவிட்டு, பசி எட்டிப் பார்த்ததும் சாப்பிடத் தொடங்கலாம். பசியே இல்லாத பெரியவர் ஒரு வேளை விட்டால் ஒன்றும் ஆகாது. கரைசலை மட்டும் விடக் கூடாது.

சாப்பிட்டவுடன் கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கிறதே? சாப்பிட்டது அப்படியே வெளியே வருவதில்லை. இரைப்பை நிறைந்ததும் பெருங்குடல் சுருங்குவது எல்லோருக்கும் இருக்கும் அனிச்சைச் செயல், பேதி நேரத்தில் அது உரக்கத் தெரிகிறது, அவ்வளவுதான். வெளியேறுவது ஏற்கனவே கீழே இருந்தது. மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரித்து, 2, 3 மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சமாகச் சாப்பிட்டால் இந்த ஓட்டம் குறையும்.

என்ன சாப்பிடலாம்? குழைய வேகவைத்த வெள்ளைச் சோறு, உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி, தோல் நீக்கி வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கு, வாழைப்பழம், வெள்ளை ரொட்டி, வேகவைத்த கேரட். மாவுச்சத்து மெதுவாக உடைந்து குளுக்கோஸாவதால் சோடியத்தோடு சேர்ந்து தண்ணீரை உள்ளே இழுக்கும் அதே வேலையைச் சோறும் கஞ்சியும் செய்கின்றன. வாழைப்பழத்தில் பொட்டாசியத்தோடு பெக்டின் என்ற கரையும் நார்ச்சத்தும் உண்டு. மலம் கெட்டிப்பட உதவும். வேகவைத்த வாழைக்காய் இன்னும் நல்லது. அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நுண்ணுயிர்களால் சிறிய கொழுப்பு அமிலங்களாக மாறுகிறது. அந்த அமிலங்கள் பெருங்குடலைத் தண்ணீரையும் சோடியத்தையும் உறிஞ்சவைக்கும்.

வாழைப்பழம், சோறு, ஆப்பிள் மசியல், ரொட்டி, இந்த நான்கோடு நாள்கணக்கில் நின்றுவிடுகிறவர்கள் உண்டு. ஒருநாள் சரி. அதற்கு மேல் புரதமும் கொழுப்பும் பற்றாமல் உடம்பு தளரும். குமட்டல் தணிந்ததும் முட்டை, வேகவைத்த மீன் அல்லது தோல் நீக்கிய கோழி, தோல் நீக்கிய பருப்பைக் கரைய வேகவைத்தது, தயிர் ஆகியவற்றைச் சேர்த்துவிடுங்கள்.

எண்ணெய் விஷயத்தில் ஒரு நுணுக்கம். பொரித்தது, நெய் ஒழுகுவது வேண்டாம், செரிக்காத கொழுப்பு பெருங்குடலுக்குப் போய்ப் பேதியைக் கூட்டும். ஆனால் சிறு குழந்தையின் கஞ்சியில் 1 அல்லது 2 டீஸ்பூன் எண்ணெய் கலப்பது நல்லது. நீர்த்த கஞ்சியில் கலோரி மிகக் குறைவு, குழந்தையோ எடை இழந்துகொண்டிருக்கிறது. கஞ்சியும் தண்ணீராக ஓடக் கூடாது, கரண்டியில் நிற்கிற பதம் வேண்டும்.

சில நாளுக்குத் தள்ளிவைக்க வேண்டியவை: மிளகாய்க் காரம், பச்சைக் காய்கறி, முழுதானியம், தோலோடு பயறு, முட்டைக்கோஸ் போன்று வாயு உண்டாக்குபவை, கேக், மிட்டாய். பலர் கவனிக்காத ஒன்று, சர்க்கரை இல்லாத சூயிங்கம்மும் மிட்டாயும். அவற்றில் இருக்கும் சார்பிட்டால் என்ற இனிப்பூட்டி குடலில் உறிஞ்சப்படாமல் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும்.

பால்

பாலில் இருக்கும் லாக்டோஸை உடைக்கும் நொதி சிறுகுடலின் விரல் போன்ற உறிஞ்சிகளின் நுனியில் இருக்கிறது. ரோட்டா வைரஸ் போன்றவை முதலில் அரிப்பதும் அந்த நுனியைத்தான். சிலருக்குப் பேதியின் நடுவிலும், நின்ற பிறகு ஓரிரு வாரமும் பால் குடித்தால் வயிறு உப்பி, புளித்த நெடியோடு தண்ணீராகப் போவது இதனால்தான். பெரியவர்கள் அதுவரை பாலை விட்டுவிடலாம். தயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும், லாக்டோஸில் ஒரு பகுதியை அதன் பாக்டீரியாவே உடைத்துவிடுகிறது. குழந்தைக்குப் பால் குடித்தபின் பேதி கூடுவது கண்ணுக்குத் தெரிந்தாலொழிய நிறுத்த வேண்டாம்.

தாய்ப்பாலை எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது. வழக்கத்தைவிட அடிக்கடி, அதிக நேரம் கொடுங்கள், இடையிடையே கரைசல். பவுடர் பால் குடிக்கும் குழந்தைக்கு வழக்கமான அளவிலேயே கலந்து கொடுக்க வேண்டும். "வயிறு சரியில்லை" என்று தண்ணீர் அதிகம் சேர்த்து நீர்த்துக் கொடுப்பதால் ஊட்டம் குறைவதைத் தவிர வேறொன்றும் நடக்காது. ஒரு வயதுக்குள் கரைசலில் சர்க்கரைக்குப் பதில் தேன் வேண்டாம்.

மாத்திரைகள்

5 வயதுக்குள் பேதி வந்தால் ஓ.ஆர்.எஸ்.ஸோடு ஜிங்க் (துத்தநாகம்) கொடுப்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வழக்கமாகக் கொடுக்கும் அளவு: 6 மாதத்துக்கு மேல் நாளைக்கு 20 மி.கி., 6 மாதத்துக்குள் 10 மி.கி., 10 முதல் 14 நாள். பேதி மூன்றாம் நாளே நின்றாலும் முழு நாளும் கொடுத்து முடிக்க வேண்டும். அடுத்த சில மாதங்களில் பேதி திரும்ப வரும் வாய்ப்பும் குறைகிறது. மாத்திரையைத் தாய்ப்பாலிலோ கரைசலிலோ கரண்டியில் கரைத்துக் கொடுக்கலாம்.

போக்கை நிறுத்தும் மாத்திரையான லோபெரமைடு குடலின் அசைவை மட்டுப்படுத்துகிறது. காய்ச்சலும் இரத்தமும் இல்லாத பெரியவர், பயணம் போன்ற தேவைக்கு, சீட்டில் சொன்ன அளவில் எடுக்கலாம். குழந்தைக்குக் கூடாது. இரத்தம் கலந்து போகும்போது யாருக்குமே கூடாது, கிருமியை உள்ளே அடைத்துவைப்பது போலாகும். ஆன்டிபயாடிக்கை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். வைரஸால் வந்த பேதிக்கு அது உதவாது, ஆன்டிபயாடிக்காலேயே வரும் பேதியும் உண்டு.

சர்க்கரை நோயாளிகள் ஓ.ஆர்.எஸ்.ஸில் குளுக்கோஸ் இருக்கிறதே என்று தயங்குவார்கள். பேதி நேரத்தில் நீரிழப்புதான் பெரிய ஆபத்து. குடித்துவிட்டு இரத்தச் சர்க்கரையை அடிக்கடி பாருங்கள். இன்சுலினைத் தாமாக நிறுத்தக் கூடாது. மெட்ஃபார்மின், சிறுநீர் பிரிக்கும் மாத்திரை, சில இரத்த அழுத்த மாத்திரைகள் ஆகியவற்றை நீரிழப்பு இருக்கும்போது தற்காலிகமாக நிறுத்த வேண்டி வரலாம். மருத்துவரிடம் அன்றே கேளுங்கள். சிறுநீரகக் கோளாறோ இதயச் செயலிழப்போ உள்ளவர்கள் கரைசலின் அளவையும் கேட்டே முடிவு செய்ய வேண்டும். முதியவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது. கேட்கும்வரை காத்திராமல் மணிக்கொரு தடவை கையில் டம்ளரைக் கொடுத்துவிடுங்கள்.

எப்போது மருத்துவரிடம்

மலத்தில் இரத்தம், அல்லது தார் போல் கறுப்பு, 39 டிகிரி செல்சியஸைத் தொடும் காய்ச்சல், குடித்ததெல்லாம் வாந்தியாவது, தாங்க முடியாத வயிற்றுவலி, அரிசி கழுவிய தண்ணீர் போல நிற்காமல் போவது, எழுப்பினால் எழாத மயக்கம், குழப்பமான பேச்சு. இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். 6 மாதத்துக்குள் உள்ள குழந்தை, கர்ப்பிணி, முதியவர், நோய் எதிர்ப்பு குறைந்தவர் என்றால் இவை எதுவும் இல்லாமலே சீக்கிரம் காட்டுங்கள். மற்றக் குழந்தைகளுக்கு ஒரு நாளிலும் பெரியவர்களுக்கு இரண்டு நாளிலும் குறையும் போக்கே தெரியாவிட்டால் போக வேண்டும். 14 நாளைத் தாண்டினால் அது வேறு வகைப் பேதி, பரிசோதனை தேவை. போகும் வழியிலும் கரைசலைக் கொடுத்துக்கொண்டே போங்கள்.

நின்ற பிறகு

மலம் கெட்டிப்பட்டதும் வழக்கமான சாப்பாட்டுக்கு ஓரிரு நாளில் திரும்பிவிடலாம். பச்சைக் காய்கறியும் முழுதானியமும் கடைசியில். பாலைக் கால் டம்ளரில் தொடங்கி, உப்புசம் இல்லாவிட்டால் கூட்டுங்கள். குழந்தைக்கு அடுத்த 2 வாரம் தினமும் ஒரு வேளை கூடுதலாகக் கொடுங்கள்; இழந்த எடை அப்போதுதான் திரும்பும்.

பேதி வந்தவர் கடைசியாகத் தண்ணீராகப் போனதிலிருந்து 48 மணி நேரம்வரை மற்றவர்களுக்குச் சமைக்கவோ பரிமாறவோ கூடாது. கிருமி அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் மலத்தில் வந்துகொண்டிருக்கும். கையைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். பேதியைப் பரப்புவதில் முன்னணியில் நிற்கும் நோரோ வைரஸிடம் ஆல்கஹால் சானிடைசர் அவ்வளவாகப் பலிப்பதில்லை.